சுண்டன் வள்ளத்தில் ஹீரோ எங்கே உட்காருவார்?

(கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் வாசகர்களின் சினிமாக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி கேரளத்துப் படகுப் பந்தயமான வள்ளம்களி பற்றி.)

எஸ்.வி., தென்காசி: மருமகன் 'ஜலோல்சவம்' என்ற மலையாளப் படத்தைப் போட்டுக் காட்டினார். ஊர், காயல், படகுப் போட்டி என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. வள்ளம்களியை வைத்து வேறு படங்கள் உண்டா?

உண்டு அம்மா. நீங்கள் பார்த்தது 2004இல் சிபி மலயில் என்ற இயக்குநர் எடுத்தது. குஞ்சாக்கோ போபனும் நவ்யா நாயரும் நடித்தது. அந்தப் பையனை அதில் போட்டது பொருத்தம். ஆலப்புழைக்காரர். 1947இல் ஆலப்புழையில் உதயா ஸ்டுடியோவைத் தொடங்கிய குஞ்சாக்கோவின் பேரன். மலையாளப் படமென்றால் மெட்ராஸுக்குத்தான் வரவேண்டும் என்றிருந்த காலத்தில் அந்தக் காயல் ஊரிலேயே ஸ்டுடியோ கட்டியவர் தாத்தா. படம் எப்படியோ போகட்டும், அல்போன்ஸ் ஜோசப் இசையில் பி. ஜெயச்சந்திரன் பாடிய 'கேரநிரகளாடும்' பாட்டை ஓணம் சமயத்தில் அந்தப் பக்கம் போனால் இப்போதும் கேட்கலாம்.

அதற்கு முன்னால் 1967இல் 'காவாலம் சுண்டன்'. சசிகுமார் இயக்கம், சத்யன், சாரதா. காவாலம் என்பது ஊர், சுண்டன் அந்த ஊர்க்காரர்களின் நீளமான பந்தய வள்ளம், அதாவது படகு. அதில் வயலார் எழுதி, தேவராஜன் இசையமைத்து, யேசுதாஸ் பாடிய 'குட்டநாடன் புஞ்சயிலே' இருக்கிறதே, அதை இன்று ஹவுஸ்போட்டில் ஏறுகிறவர்கள் எல்லோரும் கை தட்டிப் பாடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த நாட்டுப்பாடல் என்று எண்ணிப் பாடுகிறவர்களும் அதில் உண்டு. எழுதியவர் பெயர் மறந்துபோகும் அளவுக்கு ஒரு பாட்டு ஊருக்குள் கலந்துவிட்டால், அதைவிட ஒரு சினிமாப் பாட்டுக்காரருக்கு வேறென்ன வேண்டும்?

கே.ஆர்., விருதுநகர்: படத்தில் ஹீரோ துடுப்பெடுத்ததும் பின்தங்கிய படகு சீறிக்கொண்டு முந்துகிறதே, நிஜத்தில் ஓர் ஆளால் அப்படி ஜெயிக்க வைக்க முடியுமா?

முடியாது சார். முடியாது என்பதால்தான் இந்த விளையாட்டை வைத்துப் படம் எடுப்பது கஷ்டம். பல வருஷமாக எனக்குள் இருக்கிற குறை இது, கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சுண்டன் வள்ளம் ஆஞ்சிலி மரத்தில் செய்வது. நூறடிக்குக் குறையாது, பெரியது நூற்று நாற்பது அடி வரை போகும். அகலமோ, இரண்டு பேர் தோள் உரச உட்காரும் அளவுதான். அணியம் என்கிற முன்முனை தண்ணீரை ஒட்டிக் கூராக நீளும். அமரம் என்கிற பின்முனை இருபது அடி வரை படமெடுத்து நிற்கும். துழைகிறவர்கள், அதாவது துடுப்பு போடுகிறவர்கள் மட்டும் எண்பது தொண்ணூறு பேர், இரண்டு வரிசையாக. நடுவில் நிலக்காரர்கள் என்று சிலர் நிற்பார்கள். அவர்கள் துழைவதில்லை, கனத்த தடியால் வள்ளத்துப் பலகையில் இடித்துத் தாளம் கொடுப்பார்கள். அமரத்தில் நிற்கிற ஐந்தாறு பேர் நீண்ட பெருந்துடுப்புகளால் வள்ளத்தை நேராகப் பிடிப்பார்கள். எல்லாம் சேர்த்து நூறு பேருக்கு மேல்.

இப்போது நீங்கள் டைரக்டர். ஹீரோவை எங்கே வைப்பீர்கள்? துழைகிறவர்களுக்கு நடுவே உட்கார வைத்தால் கேமரா அவரைத் தேட வேண்டும். எல்லோரும் ஒரே பனியன், எல்லோர் முகத்திலும் தண்ணீர். ஆகவே யார் எடுத்தாலும் கை அமரத்துக்குத்தான் போகும். உயரமான இடம், பின்னால் வானம், கையில் பெரிய துடுப்பு, காற்றில் பறக்கிற முடி. போஸ்டருக்கும் ஆயிற்று.

ஆனால் வள்ளம் வேகம் எடுப்பது போஸ்டரில் தெரியாத ஆட்களால். தொண்ணூறு துடுப்பும் ஒரே கணத்தில் தண்ணீருக்குள் போய் ஒரே கணத்தில் வெளியே வரவேண்டும். நொடிக்கு ஒரு தடவைக்கு மேல் அது நடக்கும். அதில் ஒருவன் மட்டும் ஆவேசம் வந்து இழுத்தால் வள்ளம் முந்தாது, ஆட்டம் கொடுக்கும். பக்கத்தில் இருப்பவன் துடுப்போடு இவன் துடுப்பு மோதும். முன்னால் இருப்பவன் முதுகைப் பார்த்தபடி அவன் குனியும்போது குனிந்து நிமிரும்போது நிமிர்கிறவன்தான் நல்ல துழைச்சல்காரன். நம்முடைய சினிமாவில் அப்படிப்பட்டவனுக்கு என்ன பெயர் தெரியுமா? துணை நடிகர்.

ஆலப்புழையில் நடக்கும் நேரு டிராபி வள்ளம்களியின் 2024ஆம் வருஷத்து இறுதிச் சுற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளாத்துருத்தி போட் கிளப் துழைந்த காரிச்சால் சுண்டன் 4 நிமிடம் 29.785 விநாடி. இரண்டாவது வந்த வீயபுரம் சுண்டன் 4 நிமிடம் 29.790. ஒரு நொடியை இருநூறு துண்டாக வெட்டினால் அதில் ஒரு துண்டு வித்தியாசம். அந்த முடிவை வைத்துப் பெரிய தகராறே நடந்தது. நூற்றுச் சொச்சம் பேரில் யார் கை அந்தத் துண்டைக் கொண்டுவந்தது என்று எந்த எடிட்டரால் காட்ட முடியும்? இதைக் கதையாக எழுதக்கூடியவர் வரட்டும், அந்தப் படத்துக்கு முதல் டிக்கெட் என்னுடையது.

ஜே.எம்., தூத்துக்குடி: 'தித்தித்தாரா தித்தித்தெய்' என்று பாடிக்கொண்டே அவ்வளவு வேகமாக எப்படித் துடுப்பு போடுகிறார்கள்? மூச்சு வாங்காதா?

என் தொழில் பக்கம் வந்துவிட்டீர்கள், நன்றி. ஊர்வலமாகப் போகும்போது, பயிற்சிக்குக் கிளம்பும்போது, ஜெயித்துத் திரும்பும்போது பாடுவார்கள். வஞ்சிப்பாட்டு என்கிற இந்தப் படகுப் பாட்டு தனி இலக்கியமே. ராமபுரத்து வாரியர் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவோடு படகில் போகும்போது குசேலர் கதையை அந்த மெட்டில் பாடினார் என்று சொல்வார்கள். ஆனால் பந்தயம் உச்சத்துக்குப் போன பிறகு பாட்டுக்கு ஏது மூச்சு? அங்கே இருப்பது இடித்தடியின் 'தும்… தும்…', விசில், அப்புறம் தண்ணீர்.

ஒரு மலையாளப் படத்துக்கு வடபழனியில் சப்தம் சேர்த்துக்கொண்டிருந்தோம். படத்தின் பெயர் வேண்டாம், இயக்குநர் கோபித்துக்கொள்வார். தொட்டியில் தண்ணீர் நிரப்பி, இரண்டு மரக்கரண்டியை விட்டுச் சளப் சளப் என்று அடித்துத் துடுப்புச் சத்தம் எடுத்துவிட்டோம். ஆலப்புழைப் பக்கத்துக் காயல் பகுதியான குட்டநாட்டிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்திருந்தார்கள். இளவயதில் நிலக்காரராக நின்றவர், கைலியும் தோளில் துண்டும். திரையில் வள்ளம் ஓடுவதைக் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய், நடைச் சத்தம் எடுக்க வைத்திருந்த தேக்குப் பலகையை இழுத்துப்போட்டு, அதன் ஒரு முனைக்குக் கீழே செங்கல் வைக்கச் சொன்னார். மூலையில் உலக்கை ஒன்று கிடந்தது. அதை நிமிர்த்திப் பிடித்துப் பலகையில் ஓர் இடி. எங்கள் வயிற்றுக்குள் இறங்கியது. இன்னொன்று, இன்னொன்று, வேகம் கூடிக்கொண்டே போய் மைக்கின் முள் சிவப்பில் ஒட்டிக்கொண்டது. இன்ஜினியர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டி நிறுத்தச் சொல்கிறார், பெரியவர் பார்ப்பதாக இல்லை.

நிறுத்திய பிறகு மேல்மூச்சு வாங்க அவர் சொன்னது இதுதான்: கரையில் நிற்கிறவர்கள் போடும் கூச்சல் வள்ளத்தில் இருப்பவன் காதில் விழாது. இந்த இடிகூட காது வழியாகப் போவதில்லை. உட்கார்ந்திருக்கும் பலகை வழியாக முதுகெலும்பில் ஏறும்.

அந்த இடியைத்தான் படத்தில் வைத்தோம். அதற்கு மேலே ஐம்பது வயலினையும் கோரஸையும் ஏற்றி அமுக்கிவிட்டார்கள் என்பது வேறு கதை. வள்ளம்களிக் காட்சிக்கு இசையமைக்கிற தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு நிமிஷம் சும்மா இருந்து பாருங்கள்.

பி.எல்., கோயம்புத்தூர்: படகுக்காக ஊரே இரண்டுபட்டு அடித்துக்கொள்வதெல்லாம் சினிமாவுக்காகச் சேர்த்த மசாலாதானே?

மசாலா குறைவாகத்தான் போடுகிறார்கள் என்பேன். சுண்டன் வள்ளம் தனி ஒருவர் சொத்தாக இருப்பது அபூர்வம். கரை என்று சொல்கிற ஊர்ப் பகுதியின் பொதுச்சொத்து அது. நடுபாகம், சம்பக்குளம், பாயிப்பாடு, காரிச்சால், புளிங்குன்னு என்று வள்ளத்தின் பெயரே பெரும்பாலும் ஊரின் பெயர். பங்கு போட்டுப் பணம் திரட்டி, ஆசாரியை அழைத்து, மரம் பார்த்து வாங்கி, வள்ளம் இறக்குவதை நீரணியல் என்று திருவிழாவாகச் செய்வார்கள். மழைக்கும் வெயிலுக்கும் படாமல் வைக்கத் தனிக் கொட்டகை. பந்தயத்துக்கு முன்னால் அடிப்பாகத்தில் மீனெண்ணெய் தேய்ப்பார்கள். காயல் ஓரம் காற்றில் அந்த நெடி வந்தால் பந்தயம் கிட்டே வந்துவிட்டது என்று அர்த்தம்.

பகையும் பழையது. காயங்குளம் ராஜாவும் செம்பகச்சேரி ராஜாவும் காயலில் மோதிக்கொண்ட காலத்துப் போர் வள்ளம்தான் இந்தச் சுண்டன் என்பது ஊர் வழக்கு. அதே ஊர்களில் இன்னொரு கதையும் உண்டு. அம்பலப்புழைக் கோயிலுக்குக் கிருஷ்ணன் விக்ரகத்தைக் குறிச்சியிலிருந்து தண்ணீர் வழியாகக் கொண்டுவரும்போது, சம்பக்குளத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்து வீட்டில் இராத் தங்கினார்களாம். மறுநாள் எல்லோரும் வள்ளங்களோடு கூட வந்து சேர்த்தார்கள். மிதுன மாதம் (நமக்கு ஆனி) மூலம் நட்சத்திரத்தில் நடக்கும் சம்பக்குளம் மூலம் வள்ளம்களி அதன் நினைவாகத்தான். சண்டைக்கும் வள்ளம், சாமிக்கும் வள்ளம்.

ஆனால் இன்றைய நிலைமை சினிமாவில் காட்டுவதைவிடச் சிக்கலானது. வள்ளம் ஒரு ஊருடையது, துழைகிற கிளப் வேறு ஊருடையது. இந்த வருஷம் காரிச்சாலில் துழைந்த கிளப் அடுத்த வருஷம் வேறு வள்ளத்தில் ஏறும். நல்ல துழைச்சல்காரர்களைப் பணம் கொடுத்துப் பிடிக்கிறார்கள். வெளி மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அதற்கு எத்தனை பேர் வரை என்று கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் நூறு பேருக்கு மூன்று வேளையும் மீன், முட்டை, இறைச்சி என்று போட்டாக வேண்டும். 2019இல் கேரளச் சுற்றுலாத் துறை சாம்பியன்ஸ் போட் லீக் என்று கிரிக்கெட் பாணியில் தொடர் பந்தயமும் தொடங்கியது. முன்பு குட்டநாட்டு வயலில் வேலை பார்த்த கைகளே வள்ளத்திலும் இருந்தன. இப்போது அங்கே அறுவடைக்கு நம் ஊர்ப் பக்கத்திலிருந்து இயந்திரங்கள் லாரி ஏறிப் போகின்றன.

என்னைக் கேட்டால், வில்லன் இரவோடிரவாக வள்ளத்தில் ஓட்டை போடும் காட்சி இனி வேண்டாம். கமிட்டிக் கூட்டத்தைக் காட்டுங்கள். வெளியூர் கிளப்புக்கு வள்ளத்தைக் கொடுப்பதா, ஜெயிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று நம் பையன்களையே ஏற்றுவதா என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ராத்திரி பன்னிரண்டு மணி வரை அண்ணனும் தம்பியும் கத்திக்கொள்ளட்டும். அதில் இல்லாத டிராமாவா?

ஒரு கல்லூரி மாணவர், கும்பகோணம்: நேரு படகில் குதித்ததால்தான் அந்தக் கோப்பை வந்தது என்று படித்தேன். உண்மையா சார்?

உண்மைதான் தம்பி. 1952 டிசம்பரில் ஆலப்புழைக்கு வந்தவருக்காகப் பந்தயம் வைத்தார்கள். நடுபாகம் சுண்டன் ஜெயித்தது. பார்த்துக்கொண்டிருந்த மனிதர் பாதுகாப்புக்காரர்கள் பதறப் பதற வள்ளத்தில் ஏறிவிட்டார். டெல்லிக்குப் போய் வெள்ளியில் சுண்டன் வள்ளம் மாதிரியே ஒரு கோப்பை செய்து, தன் கையெழுத்தோடு அனுப்பி வைத்தார். முதலில் பிரதம மந்திரி கோப்பை என்றுதான் பெயர். அவர் காலத்துக்குப் பிறகு நேரு டிராபி ஆனது.

ஆர்.டி., சேலம்: பெண்களுக்கு இடமே இல்லையா? படத்தில் எல்லாப் பெண்களும் கரையில் நின்று கை தட்டுகிறார்கள்.

நேரு டிராபியில் பெண்கள் துழையும் பந்தயம் தனியாக உண்டு. தெக்கனோடி என்ற வகை வள்ளத்தில் வருவார்கள். சுண்டனைவிடச் சிறியது. முண்டும் சட்டையுமாகத் துடுப்போடு அவர்கள் வரிசையாகப் படித்துறையில் இறங்குவதைப் பார்த்தால், நாயகியைக் கரையில் நிறுத்தி வைத்த கதாசிரியர்கள்மேல் உங்களைப் போலவே எனக்கும் கோபம் வரும். அவளுக்கும் ஒரு வள்ளம் கொடுங்களப்பா.

டி.என்., திருநெல்வேலி: ஆரன்முளா வள்ளம்களியும் ஆலப்புழைப் பந்தயமும் ஒன்றா?

இல்லை அண்ணாச்சி. ஆரன்முளாவில் பம்பை ஆற்றில் வருவது பள்ளியோடம், அதாவது பார்த்தசாரதி கோயிலைச் சேர்ந்த வள்ளம். சுற்றுக் கரைகளில் இருந்து 52 பள்ளியோடங்கள். சிங்க மாதம் (நமக்கு ஆவணி) உத்திரட்டாதி அன்று வருவார்கள். அங்கே பாட்டுத்தான் முக்கியம், முந்துவது அப்புறம். வேட்டி, தலைப்பாகை, செருப்பில்லாத கால்.

அதைவிட எனக்குப் பிடித்தது வள்ளசத்யா. நேர்ந்துகொண்டவர்கள் துழைகிறவர்களுக்கு வைக்கும் விருந்து. வந்து உட்கார்ந்தவர்கள் சும்மா சாப்பிட மாட்டார்கள். வேண்டிய பதார்த்தத்தைப் பாட்டாகப் பாடிக் கேட்பார்கள். கேட்டது இலைக்கு வந்தாக வேண்டும். ஒருவர் பாட, மற்றவர்கள் ஏற்றுப் பாட, பரிமாறுகிறவர் வாளியோடு ஓடுகிற ஓட்டம் இருக்கிறதே, அதுவும் ஒரு பந்தயம்தான். உங்கள் ஊரிலிருந்து கிட்டத்தான், ஒரு நடை போய்ப் பாருங்கள்.

வி.கே., ராமநாதபுரம்: தமிழில் இப்படி ஒரு படம் எடுக்கலாமே?

ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்களே சார்! தொண்டிப் பக்கம் மீனவ கிராமங்களில் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. துடுப்பு இல்லை, காற்றும் கயிறும் ஆளும்தான். சுண்டனை இங்கே கொண்டுவந்து மேட்டூர் அணையில் மிதக்கவிட வேண்டாம். உங்கள் ஊர்ப் பாயைக் காட்டினாலே போதும். யாராவது உதவி இயக்குநர் இதைப் படித்தால் முதலில் தொண்டிக்குப் பஸ் ஏறட்டும்.

எம்.எஸ்., சென்னை: குடும்பத்தோடு நேரு டிராபி பார்க்கப் போக ஆசை. எப்போது, எப்படிப் போவது?

சென்னையிலிருந்து ஆலப்புழைக்கு நேர் ரயில் உண்டு. பந்தயம் நடப்பது புன்னமடைக் காயலில். பல வருஷமாக ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை என்பதுதான் வழக்கம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். 2024இல் வயநாட்டு நிலச்சரிவு காரணமாக செப்டம்பர் 28க்குத் தள்ளிப்போனது. 2025இல் ஆகஸ்ட் 30 அன்று நடத்தினார்கள், வீயபுரம் ஜெயித்தது. எனவே தேதி அறிவித்த பிறகு டிக்கெட் போடுங்கள்.

முடிந்தால் சில நாள் முன்னாலேயே போய், சாயங்காலம் பயிற்சியைப் பாருங்கள். டிக்கெட் இல்லை, கூட்டம் இல்லை, வள்ளம் கைக்கெட்டும் தூரத்தில் போகும், விசிலும் இடியும் சுத்தமாகக் கேட்கும். பந்தய நாளில் காலையிலேயே இடம் பிடித்துவிட வேண்டும். சின்ன வள்ளங்களின் சுற்றுகள் முதலில் முடிந்து, சுண்டன் இறுதிச் சுற்று வர மாலை ஆகிவிடும். அது நாலரை நிமிஷத்தில் முடிந்தும் விடும். அந்த நேரம் பார்த்துக் குழந்தையைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போன ஒரு தகப்பனார் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மழை நிச்சயம். குடை பிடித்தால் பின்னால் இருக்கிறவர்கள் மலையாளத்தில் திட்டுவார்கள், நல்ல பிளாஸ்டிக் கோட்டாக எடுத்துப் போங்கள்.